சோதனைக்கு வந்த கார் வேறு, சந்தைக்கு வரும் கார் வேறு: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி மோட்டார் இதழ்களில் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் சொல்கிறோம். பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன: அச்சில் வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: ஜாகுவார் ஈ-டைப் மணிக்கு 150 மைல் ஓடியதாகப் பழைய இதழ்களில் இருக்கிறது. பின்னால் வந்த கட்டுரைகளோ 140 சொச்சம்தான் என்கின்றன. எது சரி?

பதில்: இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஓடிய கார்தான் வேறு.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஈ-டைப் அறிமுகமானது. அதே மாதம் 'தி ஆட்டோகார்', 'தி மோட்டார்' என்ற இரண்டு பிரிட்டிஷ் வார இதழ்களும் முழுச் சோதனை அறிக்கையை வெளியிட்டன. ஆட்டோகாருக்குக் கிடைத்தது 9600 எச்பி என்ற பதிவெண் கொண்ட மூடிய கூப்பே. அதில் பதிவான வேகம் 150.4 மைல். மோட்டார் ஓட்டியது 77 ஆர்டபிள்யூ என்ற திறந்த கார். அதில் 149.1 மைல். இரண்டும் தொழிற்சாலை பார்த்துப் பார்த்துத் தயார்செய்து கொடுத்த கார்கள். டன்லப் ஆர்5 பந்தய டயர்கள் பூட்டியிருந்தன. கடையில் வாங்கியவருக்குக் கிடைத்த காரில் இருந்தது ஆர்எஸ்5 என்ற சாலை டயர். இரண்டு டயர்களின் சுற்றளவும் ஒன்றல்ல. டயர் மாறினால் மொத்த கியர் விகிதமே மாறிவிடும்.

அடுத்தது பின் ஆக்ஸில் விகிதம், அதாவது பின்சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது. 3.31 விகிதம் உள்ள காரும் 3.54 உள்ள காரும் ஒரே இன்ஜின் சுற்றில் ஓடினால் வேகத்தில் சுமார் 7 சதவீதம் வித்தியாசம் வரும். அமெரிக்காவுக்குப் போன பல கார்களில் 3.54 இருந்தது. அந்தக் காரை ஓட்டிவிட்டு "150 வரவில்லையே" என்று எழுதுவதும் சரிதான், 3.31 காரை ஓட்டி 150 வந்தது என்று எழுதியதும் சரிதான்.

ஆகவே பழைய சோதனை அறிக்கை கையில் கிடைத்தால், கட்டுரையைப் படிக்கும் முன் எண்கள் அச்சிட்ட கட்டத்தைப் பாருங்கள். டயர் எது, ஆக்ஸில் விகிதம் எவ்வளவு, ஆட்களோடும் கருவிகளோடும் எடை எவ்வளவு, வேகம் இரு திசைச் சராசரியா அல்லது ஒரு திசையில் கிடைத்த உச்சமா, கார் நிறுவனம் கொடுத்ததா அல்லது தனியார் ஒருவருடையதா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். இரு திசைச் சராசரி ஏன் முக்கியம் என்றால், ஒரு பக்கம் காற்று தள்ளிவிடும், திரும்பும்போது அதே காற்று தடுக்கும். இரண்டையும் கூட்டி வகுத்தால்தான் காரின் சொந்த வேகம் தெரியும். அந்தக் கால வார இதழ்கள் காரின் ஸ்பீடோமீட்டரை நம்பியதில்லை. சைக்கிள் சக்கரம் போன்ற ஒரு ஐந்தாம் சக்கரத்தைக் காரின் பின்னால் பூட்டி, அதிலிருந்து வேகத்தை எடுத்தார்கள். அந்த உழைப்புக்கு மரியாதை செலுத்தியே ஆக வேண்டும். எண்ணில் தவறில்லை, அது எந்தக் காரின் எண் என்பதை மறந்துவிடுவதுதான் தவறு.

கேள்வி: டிரையம்ப் டிஆர்6 முதலில் 150 குதிரைத்திறன், 1973-இல் 125 என்று எல்லா இதழும் எழுதுகிறது. அதே 2,498 சிசி இன்ஜின்தானே? 25 குதிரைகள் எங்கே போயின?

பதில்: ஒரு பகுதி உண்மையிலேயே போனது. இன்னொரு பகுதி அளவுகோல் மாறியதால் காகிதத்தில் மட்டும் போனது.

உண்மையில் குறைந்ததற்குக் காரணம் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. முதல் கார்களின் கேம் கூர்மையானது. கீழ்ச் சுற்றில் இன்ஜின் தடுமாறும், மேலே போனால் இழுக்கும். 1973-க்கான கார்களில் மென்மையான கேம் வந்தது. நகரத்துக்குள் ஓட்டச் சுகம், உச்சத்தில் சற்றுக் குறைவு.

காகிதக் கணக்கு இது: அந்தக் காலத்தில் பலர் இன்ஜினை மேடையில் தனியாக வைத்து, விசிறி, டைனமோ, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்தார்கள். இது மொத்த சக்தி. எல்லா உபகரணங்களையும் பூட்டி அளந்தால் கிடைப்பது நிகர சக்தி. ஜெர்மானிய டிஐஎன் முறை இதைச் சேர்ந்தது. 125 என்பது டிஐஎன் எண்.

இதே குழப்பம் ஜாகுவாரில் தலைகீழாக வருகிறது. ஆறு சிலிண்டர் ஈ-டைப்புக்கு 265, 1971-இல் வந்த 5.3 லிட்டர் வி12 ஈ-டைப்புக்கு 272. பன்னிரண்டு சிலிண்டர் போட்டும் ஏழு குதிரைதான் கூடியதா என்று தோன்றும். 265 மொத்தக் கணக்கு, 272 நிகரக் கணக்கு; நிஜ இடைவெளி அதைவிட மிகப் பெரியது. இரண்டு எண்களையும் ஒரே பட்டியலில், எந்தக் குறிப்பும் இல்லாமல், அடுத்தடுத்த வரியில் அச்சிடும் இதழ்கள் வாசகருக்குத் தீங்கு செய்கின்றன. மொத்தமா நிகரமா என்று ஒரு சொல் சேர்க்க இடம் இல்லாத பட்டியல் எதுவும் இல்லை.

கேள்வி: ஒரே காருக்குப் பிரிட்டிஷ் இதழில் கேலனுக்கு 30 மைல், அமெரிக்க இதழில் 25. ஏன்?

பதில்: பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். அமெரிக்க எண்ணை 1.2-ஆல் பெருக்குங்கள், 25 என்பது 30 ஆகிவிடும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிய, பிரிட்டிஷ் எண்ணை 0.354-ஆல் பெருக்குங்கள். 28 மைல் என்றால் ஏறக்குறைய 9.9 கி.மீ.

கேள்வி: இதழ்களில் வரும் "வாங்குவோர் வழிகாட்டி" பக்கங்களை வைத்து ஒரு எம்ஜிபி காரைச் சோதிக்க முடியுமா? இன்ஜினில் தொடங்குவதா, பாடியிலா?

பதில்: முடியும். கிளாசிக் கார் இதழ்களில் மிக உருப்படியான பக்கம் அதுதான். ஆனால் பல வழிகாட்டிகள் இன்ஜினில் தொடங்கிப் பாடியில் முடிகின்றன. அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எம்ஜிபி-யின் 1,798 சிசி இன்ஜின் எளிமையானது, உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும். இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். துரு பிடித்தால் காரின் எலும்பே போகிறது.

முதலில் சில். கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிப் பகுதியைத்தான் சில் என்கிறார்கள். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. அடியில் தரையோடு சேரும் இடத்தில் காஸில் ரெயில் என்ற மடிப்புத் தகடு. வெளித்தகடு முன் மட்கார்டின் கீழ்ப்பகுதிக்குப் பின்னால் மறைந்து ஓடுகிறது. ஆகவே முறையாக மாற்ற வேண்டும் என்றால் மட்கார்டைக் கழற்ற வேண்டும், அல்லது அதன் அடிப்பகுதியை வெட்டித் திரும்பப் பற்றவைக்க வேண்டும். சோம்பேறி வேலை எப்படி நடக்கும் என்றால், அழுகிய சில்லுக்கு மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். பளபளப்பாக இருக்கும். உள்ளே நடுத்தகடு தூளாகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கதவை மூடிவைத்து, கதவுக்கும் பின் பாடிக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலும் கீழும் பாருங்கள். பிறகு காரை ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, அதே இடைவெளியைத் திரும்பப் பாருங்கள். மேல்பக்கம் இடைவெளி குறுகினாலோ, கதவைத் திறக்கும்போது பிடித்தாலோ, காரின் நடு வளைகிறது என்று பொருள். திறந்த எம்ஜிபி-யில் கூரை கிடையாது என்பதால் இந்தச் சோதனை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் தலையை நீட்டாதீர்கள், ஸ்டாண்ட் வைத்த பிறகே குனியுங்கள்.

அடுத்து முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுங்கள். மட்கார்டுக்குள் சேறு தங்கி, ஈரம் காயாமல், உள்ளிருந்து வெளியே துரு வரும் இடம் அது. பெயின்டில் கொப்புளம் தெரிந்தால் உள்ளே பாதி போயிருக்கும். பிறகு இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன, அதன் பிறகு ஒரே 12 வோல்ட். அமிலமும் மழைநீரும் சேர்ந்து அந்தப் பெட்டிகளைத் தின்றுவிடும். அங்கிருந்து கொஞ்சம் பின்னால் போனால் பின் பட்டைச் சுருள்களின் கொக்கிகள் பாடியோடு சேரும் இடம். அதையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள்.

காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: 1960-களின் எம்ஜிபி-களில் பானட் அலுமினியத்தால் ஆனது, அங்கே காந்தம் ஒட்டவே ஒட்டாது. இது தெரியாமல் நல்ல காரை விட்டுவிடக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகு இன்ஜின். நன்றாகச் சூடான நிலையில், ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 50 முதல் 80 பவுண்டு வரையும், ஐடிலில் 10 முதல் 25 வரையும் இருக்க வேண்டும். 1964 இறுதி வரை வந்த இன்ஜின்களில் கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங், அதன் பிறகு ஐந்து. 1967-க்கு முந்தைய கியர்பாக்ஸில் முதல் கியருக்கு, பற்சக்கர வேகங்களைச் சமமாக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது. கார் நகரும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கும், அது பழுதல்ல.

1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபி-க்குப் புது பாடி செய்து தருகிறது. "ஹெரிடேஜ் ஷெல்" என்று விளம்பரத்தில் பார்த்தால் அதுதான். முறையாகத் துருத்தடுப்பு செய்து பூட்டியிருந்தால் அது காரின் மதிப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

கேள்வி: கறுப்பு ரப்பர் பம்பர் எம்ஜிபி-யை எல்லா இதழும் மட்டம் தட்டுகிறது. அவ்வளவு மோசமா?

பதில்: ஒரு இரண்டு வருடக் கார்களுக்கு அந்த விமர்சனம் பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. அமெரிக்க பம்பர், விளக்கு உயர விதிகளுக்காக 1974 இறுதியில் கார் சுமார் 38 மி.மீ. உயர்த்தப்பட்டது. அதே நேரத்தில் திறந்த காரில், வளைவில் சாய்வைக் குறைக்கும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் கார் சாய்வதும் பின்பக்கம் தானே திசை திருப்புவதும் அதனால்தான். 1976-இல் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் வந்ததும் நிலைமை வெகுவாகச் சீரானது. அந்தக் கார்களையும் சேர்த்துத் திட்டும் கட்டுரை பழைய கட்டுரையைப் பார்த்து எழுதியது.

அமெரிக்காவுக்குப் போனவற்றில் வேறொரு குறை உண்டு. 1975 முதல் இரட்டை எஸ்யூ கார்புரேட்டருக்குப் பதில் ஒரே ஒரு ஸீனித் ஸ்ட்ராம்பர்க், புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள், சக்தி 60 குதிரைக்குச் சற்று மேல். அமெரிக்க இதழ் "இழுக்கவில்லை" என்றதும் பிரிட்டிஷ் இதழ் "பரவாயில்லை" என்றதும் இரண்டு வேறு கார்களைப் பற்றி.

கேள்வி: லோட்டஸ் எலான் பற்றி ஒரு இதழ் "வெண்ணெய் போல் ஓடுகிறது" என்கிறது, இன்னொன்று "கிளப்பும்போது குதிக்கிறது" என்கிறது. இப்படியும் எதிரும் புதிருமாக இருக்குமா?

பதில்: இருக்கும். இன்றைய கிளாசிக் இதழ்கள் ஓட்டுவது உரிமையாளர்கள் கடன் கொடுக்கும் கார்களை. ஒவ்வொன்றின் வயிறும் வேறு. எலானில் பின்சக்கரத்துக்குச் சக்தி போவது ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற ரப்பர் வளையங்கள் வழியாக. கிளட்சை விட்டதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, பிறகு விடும். கார் முன்னும் பின்னும் உலுக்கும். பழகியவர் கால் அதைத் தணித்துவிடும், புதியவருக்குக் குதிப்பாகத் தெரியும். பலர் அந்த ரப்பரை எடுத்துவிட்டு சி.வி. ஜாயிண்ட் என்ற உலோக மூட்டு உள்ள டிரைவ்ஷாஃப்ட் போட்டிருக்கிறார்கள், அந்தக் கார் குதிக்காது. கட்டுரை இதைச் சொல்லவில்லை என்றால் அந்தத் தீர்ப்பால் உங்களுக்குப் பயனில்லை.

எலானில் இன்னொன்றும் கவனியுங்கள். மேலெழும் ஹெட்லைட்டுகளைத் தூக்குவது வெற்றிட அழுத்தம். அந்த வெற்றிடத்தின் தொட்டி வேறெதுவும் இல்லை, சேஸிஸின் முன் குறுக்குச் சட்டமே. விளக்கு மெல்ல மெல்லத் தொங்கினால் குழாயிலோ வால்விலோ கசிவு இருக்கலாம், அல்லது சட்டமே துருவில் ஓட்டை விழுந்திருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் சேஸிஸ் மாற்ற வேண்டிவரும். "கால்வனைஸ்டு சேஸிஸ்" என்று விளம்பரத்தில் இருந்தால் யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: லூகாஸ் மின்சாதனங்கள் என்றாலே இதழ்கள் கேலி செய்கின்றன. காரை வாங்கினால் ஒயரிங் முழுவதையும் மாற்றிவிட வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அறுபது வயது ஒயரிங்கில் பெரும்பாலான பழுதுகள் எர்த்திலும் இணைப்புகளிலும்தான் இருக்கின்றன. லூகாஸ் ஒயர்கள் குண்டு வடிவப் பித்தளை முனைகளால் இணைந்தவை. அவற்றைச் சுற்றிய உறைக்குள் ஈரம் புகுந்தால் பச்சை பூத்துவிடும்.

விளக்கு மங்கலாக எரிந்தால் இப்படிச் செய்யுங்கள். விளக்கை எரியவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை விளக்கின் உலோக உடலிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்டைச் சுரண்டி, உலோகம் மின்னும்படி செய்து திரும்ப முறுக்குங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

நிறங்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, ஃபியூஸ் இல்லாதது. வெள்ளை சாவி திருப்பினால் மட்டும். பச்சை சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா ஃபியூஸ் வழியாக எப்போதும். சிவப்பு பக்க விளக்கு, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். ஐம்பதுகளிலிருந்து பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களுக்கு இது பொருந்தும்.

இதழ்கள் அதிகம் சொல்லாத, ஆபத்தான ஒன்று: லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று இருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர்தான். தொடர்ந்து 35 தாங்கும் வேறு வகை ஃபியூஸை அங்கே போட்டால், ஃபியூஸுக்கு முன் ஒயர் எரியும்.

கேள்வி: இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைச் சரிசெய்யும் முறையை ஒரு இதழில் பார்த்துச் செய்தேன். அன்று நன்றாக இருந்தது, மறுநாள் பழைய கதை. எங்கே தவறு?

பதில்: கார்புரேட்டரில் தொடங்கியதுதான் தவறாக இருக்கும். அது கடைசி வேலை. எம்ஜிபி-யை வைத்துச் சொன்னால், முதலில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.38 மி.மீ., பிளக் இடைவெளி 0.63 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் 0.35 முதல் 0.40 மி.மீ., பிறகு டைமிங். இவை சரியாகாமல் கார்புரேட்டரைத் தொட்டால் ஒரு குறையை இன்னொரு குறையால் மூடுகிறீர்கள்.

அடுத்து த்ராட்டில் தண்டு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்டின் இரு முனையையும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். தேய்ந்திருந்தால் அந்த வழியாகத் திருட்டுக் காற்று நுழையும். ஒவ்வொரு முறை கால் எடுக்கும்போதும் தண்டு வேறொரு இடத்தில் உட்காரும், அதனால்தான் இன்று சரி, நாளை இல்லை. புஷ் போட்டுப் புதுத் தண்டு மாற்றாமல் எவ்வளவு திருகினாலும் நிற்காது.

அது சரியென்றால், இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, கார்புரேட்டரின் தலையில் உள்ள டேம்பரில் ஆயில் ஊற்றுங்கள். கார்புரேட்டர் பிஸ்டனின் உள்ளீடற்ற தண்டின் மேல் விளிம்பிலிருந்து சுமார் 13 மி.மீ. மேலே நிற்க வேண்டும். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியின் கிளாம்பைத் தளர்த்துங்கள். ரப்பர் குழாய் ஒன்றைக் காதில் வைத்து இரண்டின் வாயிலும் இரைச்சலைக் கேட்டு, ஐடில் திருகுகளால் சமமாக்குங்கள்.

இனிதான் கலவை. எங்கு நிற்கிறது என்றே தெரியாவிட்டால், ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு குழாய்) கார்புரேட்டர் வாய்க்குள் உள்ள பாலம் என்ற மேட்டோடு சமமாக ஏற்றி, அடியிலுள்ள அறுபக்க நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பட்டை (பக்கம்), கீழே இறக்கி அங்கிருந்து தொடங்குங்கள். அடியில் உள்ள சிறு தூக்கும் முனையால் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்கிப் பாருங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். நட்டை ஒரு பட்டை மேலே ஏற்றுங்கள். உடனே விழுந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு பட்டை கீழே. லேசாக ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஒவ்வொரு முறையும் ஜெட் நட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கலவை மாறினால் காற்றுச் சமநிலையும் மாறும், ஆகவே திரும்ப இரைச்சலைக் கேட்டுவிட்டு, அதன் பிறகே கிளாம்பை முறுக்குங்கள். இதழ்ப் பக்கத்தில் இடமில்லாமல் வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வரிதான்.

கேள்வி: ஈயமில்லாத பெட்ரோல், ஈ10 என்று இதழ்கள் பயமுறுத்துகின்றன. பழைய காரை ஓட்டவே கூடாதா?

பதில்: ஓட்டலாம். இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள், கலக்க வேண்டாம். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 1999 இறுதியோடு நின்றது. ஈயம் எரிந்து எக்ஸாஸ்ட் வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும், உலோகம் உலோகத்தோடு ஒட்டாமல் காக்கும். அது இல்லாவிட்டால், அதிகச் சுற்றில் நீண்ட நேரம் ஓட்டும்போது, சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். அறிகுறி: எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி மட்டும் சீக்கிரம் சீக்கிரம் குறைவது. அது நடக்காதவரை ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. வேறு வேலைக்காகக் கழற்றும்போது கடினமான எக்ஸாஸ்ட் சீட் போட்டுவிடுங்கள்.

ஈ10 என்பது 10 சதவீதம் வரை எத்தனால். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இதுதான். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை இளக்கி வெடிப்பு விழவைக்கும், ஈரத்தை இழுக்கும். பழைய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாய் போடுங்கள். சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே பெட்ரோல் குழாய் ஓடும் கார்களில் இது தள்ளிப்போடக் கூடாத வேலை.

கேள்வி: "மேட்சிங் நம்பர்ஸ்" இல்லாத காரை ஒதுக்கிவிட வேண்டுமா?

பதில்: தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ள எண்களும் காரில் உள்ள இன்ஜின் முதலியவற்றின் எண்களும் ஒத்திருப்பதுதான் மேட்சிங் நம்பர்ஸ். இல்லாவிட்டால் ஒதுக்குவதா என்பது காரைப் பொறுத்தது. எம்ஜி, ஆஸ்டின் கார்களைச் செய்த பிஎம்சி நிறுவனமே பழைய இன்ஜினை வாங்கிக்கொண்டு "கோல்ட் சீல்" என்ற புதுப்பித்த இன்ஜினைக் கொடுத்தது, அதற்கு வேறு எண் இருக்கும். எம்ஜிபி-யிலோ ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டிலோ அப்படி இருந்தால் அது காரின் வரலாறு, மோசடி அல்ல. ஈ-டைப்பில் விலை பெரிதும் அடிபடும். ஆஸ்டின்-ஹீலி 100எம் போன்றவற்றில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதே மாற்றங்களைச் சாதாரண 100 காரில் பிறகு பூட்டும் கிட் அன்றே விற்பனையில் இருந்தது. பானட்டின் மேல் உள்ள தோல் பட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து தரப்படும் ஹெரிடேஜ் சான்றிதழை வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: ஏல முடிவு என்று ஒரு இதழ் 40,000 பவுண்டு போடுகிறது, இன்னொன்று 47,200. இரண்டுமே ஒரே கார்.

பதில்: முதல் எண் சுத்தியல் விழுந்த விலை. ஏல நிறுவனம் வாங்குபவரிடம் 15 சதவீதம் கட்டணம் வாங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 6,000, அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வரி 1,200. கூட்டினால் 47,200. விற்றவர் கைக்கு வந்ததோ இரண்டும் இல்லை. அவரிடமும் கமிஷன் பிடித்திருப்பார்கள். விலைப்பட்டியலில் வரும் எண்ணோடு ஒப்பிடும் முன் எந்த விலை என்று பாருங்கள். காரின் நிலையைக் குறிக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று இதழ்கள் போடும் தரவரிசைக்கும் இதே எச்சரிக்கை. ஒரு இதழின் "இரண்டு" இன்னொன்றின் "ஒன்று".

கேள்வி: பாசிட்டிவ் எர்த் காரில் புது எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

பதில்: பாசிட்டிவ் எர்த் என்றால் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த கார். அதற்கென்றே செய்த பெட்டி கிடைத்தால் போடலாம். நெகட்டிவ் பெட்டியைப் போட்டால் சாவி திருப்பிய நொடியிலேயே அது போய்விடும். எம்ஜிபி 1967-இல் நெகட்டிவுக்கு மாறியது, ஈ-டைப்போ அதன் 4.2 லிட்டர் இன்ஜின் வந்தபோது மாறியது. ஆனால் இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், ஆண்டை வைத்து ஊகிக்காதீர்கள். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.